மூன்றாம் கூண்டு

டோங்காட் சுங்கச்சாவடி, மூன்றாம் கூண்டு.
பதினோரு வருஷமாக
வலது கை வெளியே, மீதி உடம்பு உள்ளே.
வாங்கு. மீதியைக் கொடு. தடைக்கம்பு உயரட்டும்.
ஒரு நாளில் எத்தனை தடவை என்று
இயந்திரம் எண்ணும்.
எண்ணத் தெரியாமலே
என் தோள்பட்டையும் வைத்திருக்கிறது ஒரு கணக்கு.

ஜூலையில், வெள்ளை பக்கியில் வந்த ஒருவன்
பணம் நீட்டவேண்டிய கையால்
வேறொன்றை நீட்டினான்.
பெட்டியைக் கொடுத்தேன். போய்விட்டான்.
"காயம் எதுவும் இல்லை" என்று
படிவத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.
எழுத்து மட்டும்
யாரோ குளிரில் நின்று போட்டது போலிருந்தது.

அதற்குப் பிறகுதான் பல்.
"ராத்திரி முழுக்க மாவாட்டுகிறாய்,
யார் வீட்டுக் கல்யாணம்?" என்றான் தயாளன்.
கடைவாய்ப்பல் மழுங்கிவிட்டது என்றார் பல் டாக்டர்,
ரப்பர் உறை ஒன்று செய்து கொடுத்தார்.
மூன்று வாரத்தில் அதையும் கடித்து ஓட்டை போட்டேன்.

கிளினிக்கில் சிஸ்டர் நோக்வாண்டா
மாத்திரை எழுதவில்லை.
"தரையில் படு. காலிலிருந்து தொடங்கு.
ஒவ்வொன்றாக வரும். பார்த்து அனுப்பு.
எதையும் நிறுத்தி வைக்காதே" என்றாள்.
சிரித்துவிட்டேன்.
நிறுத்தி வைப்பதுதானே, சிஸ்டர், என் பிழைப்பு.

நேற்று எட்டிலிருந்து பத்தரை வரை மின்வெட்டு.
ஃபிரிட்ஜ் ஒருமுறை உலுக்கிக்கொண்டு அடங்கியது.
இத்தனை நாள் இவ்வளவு சத்தத்திலா இருந்தோம்!
நடையில், லினோலியத்தின் மேல் மல்லாந்தேன்.
ஆலைப் பக்கமிருந்து பாகு தீய்ந்த வாடை.

குதிகால் வந்தது: சில்லென்று. போ.
கெண்டைக்கால்: உள்ளே எறும்பு ஊர்ந்தது. போ.
தொடைகள், கரும்பு லாரி மேட்டில் ஏறுவது போல,
அவசரமே இல்லாமல்.
அவற்றுக்குப் பின்னால் வரிசை கட்டி நின்ற இடுப்பு
ஹார்ன் அடித்துக்கொண்டே இருந்தது.
அடிக்கட்டும்.

வயிற்றில் மத்தியானத்து பீன்ஸ் கறி.
அதற்கு மேல் மூச்சு,
பாதி வழி வந்து திரும்பிப் போனது.
கூப்பிடவில்லை நான்.
நாலைந்து தரம் அப்படிப் போய் வந்து
பிறகு தானாகவே கீழே இறங்கியது.

நாக்கைக் கண்டுபிடித்ததுதான் ஆச்சரியம்.
மேலண்ணத்தில் முட்டுக்கொடுத்து நின்றிருக்கிறது,
யாரோ உடைக்க வரும் கதவுக்கு
உள்ளிருந்து தோள் கொடுப்பது போல.
எவ்வளவு நாளாக?
வா, என்றேன். யாரும் இல்லை.
தாடை ஒரு விரல்கடை இறங்கியது.
கண்ணோரத்தில் ஈரம், காதுக்குள் வழிந்து கூசியது.
அழுததாகத் தோன்றவில்லை.
எதுவோ ஒழுகிப்போனது, அவ்வளவுதான்.

வலது கை மட்டும் வரவில்லை.
மூடிய முஷ்டி.
உள்ளே ஐந்து ராண்ட் காசுகூட இல்லை,
என்றாலும் பிடி விடவில்லை.
விரல் விரலாகப் பிரிக்கலாம்; பிரிக்கவில்லை.
சரி, நீ இங்கேயே இரு,
என்று அதை என் பக்கத்தில் கிடத்திக்கொண்டேன்.

மெழுகுவர்த்தி தேடி வந்த தயாளன்
போன் வெளிச்சத்தை என் முகத்தில் அடித்து
அலறினான்: "ஏய், விழுந்துட்டியா?"
"இல்லை. கிடக்கிறேன்."
"எதுக்கு?"
"சும்மா."
கொஞ்ச நேரம் நின்றான். பிறகு
பஸ் ஓட்டி வளைந்த முதுகை முனகிக்கொண்டே கிடத்தி
பக்கத்தில் படுத்தான்.
காலிலிருந்து தொடங்கு என்று நான் சொல்லி முடிப்பதற்குள்
குறட்டை.

எப்போது தூங்கினேன் தெரியாது.
கரண்ட் வந்து வீடெல்லாம் பளீரென்றபோது
முதலில் பார்த்தது கையை.
நான்கு விரல்கள்
வெளிச்சத்தில் விரிந்து கிடந்தன,
யாரிடமும் எதுவும் கேட்காமல்.

சுண்டுவிரல் இன்னும் மடங்கியே.
இருக்கட்டும்.
காலை ஐந்து மணிக்கு ஷிஃப்ட்.
விளக்கை அணைத்துவிட்டு
மறுபடியும் தரைக்கே வந்தேன்.